அடுப்புக் கரியும் நெய்வேலிக் கரியும் ஒன்றா?

பேராவூரணி பக்கத்துத் தோப்பு வீடுகளில் வெந்நீர் அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. பன்னாடையைப் பற்றவைத்து, மேலே பாளையும் கொட்டாங்கச்சியும் போட்டால் அண்டா கொதித்துவிடும். அதே வீட்டில் எரியும் விளக்குக்கான மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்து வருகிறது. இரண்டிலும் எரிவது கார்பன், வெளியேறுவது கரியமில வாயு. ஆனால் அந்தக் கார்பன் எப்போது காற்றைவிட்டுப் போனது என்று கேட்டால் விடைகள் வேறு வேறு. பருவநிலை பற்றி நம்மிடையே உலவும் பல குழப்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

நம்பிக்கை: எதை எரித்தாலும் காற்றுக்குக் கேடு ஒன்றுதான்.

உண்மை: தென்னை தன் கார்பனை மண்ணிலிருந்து எடுப்பதில்லை, காற்றிலிருந்தே எடுக்கிறது. பாளை வெடித்துக் காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அண்மையில் காற்றில் இருந்த கார்பன்தான் கொட்டாங்கச்சியாகி, எரிந்து, காற்றுக்குத் திரும்புகிறது. மரம் நிற்கும்வரை அடுத்த குலை அதை மறுபடி இழுத்துக்கொள்ளும். நாம் விடும் மூச்சும் இப்படித்தான். உண்ட சோற்றிலிருந்த கார்பன் திரும்பிப் போகிறது. நெய்வேலியில் 1962 முதல் மின்சாரத்துக்காக எரியும் பழுப்பு நிலக்கரி, கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமிக்குள் கிடந்தது. அதை மறுபடி பூமிக்குள் கொண்டுசேர்க்க எந்தக் குலையாலும் ஆகாது. அடுப்புப் புகை நுரையீரலைக் கெடுப்பது வேறு கணக்கு. அதற்குப் புகைபோக்கி வேண்டும்.

நம்பிக்கை: இயற்கை விடும் கரியமில வாயுவுக்கு முன்னால் மனிதன் சேர்ப்பது எம்மாத்திரம்?

உண்மை: நிலத்துத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 44,000 கோடி டன் கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. மூச்சாலும் மட்குவதாலும் ஏறக்குறைய அவ்வளவும் திரும்பிவிடுகிறது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயுவால் நாம் சேர்ப்பது சுமார் 3,700 கோடி டன். சிறிது போலத்தான் தெரியும். ஆனால் ஏரியை நினைத்துப் பாருங்கள். வரத்து வாய்க்காலில் வருவதும் மதகில் போவதும் சமமாக இருந்தால் நீர்மட்டம் நகராது. கரையில் ஒரு போர் போட்டு, ஆழத்து நீரை இரவு பகலாக ஏரிக்குள் இறைத்தால்? மோட்டார் சிறிதானாலும் மட்டம் ஏறும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் தொடர் அளவீடு தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கடலும் காடும் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்ட பிறகும் இந்த ஏற்றம்.

ஏறியது ஆழத்துக் கார்பன்தான் என்பதற்குச் சான்றும் உண்டு. கார்பன்-14 என்ற வகை 5,730 ஆண்டுகளில் பாதியாகச் சிதையும். பழைய நிலக்கரியில் அது மிஞ்சுவதில்லை. காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போனதை 1955-ல் மரக்கட்டைகளை அளந்து காட்டினார் ஹான்ஸ் சூஸ்.

நம்பிக்கை: மீத்தேன் என்பது குழாய் இறக்கி எடுப்பது, நெல் வயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மை: மன்னார்குடி வட்டாரத்து நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தால் 2010-க்குப் பின் டெல்டாவே இந்தச் சொல்லைக் கற்றது. அப்படிப்பட்ட திட்டங்களைத் தடுக்க 2020-ல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கிப் பாருங்கள். கால் புதையும்போது சேற்றிலிருந்து குமிழிகள் எழும். அதிலும் மீத்தேன் உண்டு. நீர் மூடிய சேற்றில் பிராணவாயு எட்டாததால், தாளையும் வேரையும் தின்னும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பெரும்பகுதி குமிழியாகக்கூட வராமல் நெல் தண்டின் காற்றறைகள் வழியே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது மீத்தேன்.

இதற்கு மருந்து நம் சம்சாரிகள் பேச்சிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைமடையில், அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வந்த தண்ணீரை வரப்பு முட்டக் கட்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சொன்ன நாளில் தண்ணீர் கடைமடைக்கு வருவதும் பருவநிலைக்கான வேலைதான்.

நம்பிக்கை: கரியமில வாயு பயிருக்கு உணவு, கூடினால் விளைச்சலும் கூடும்.

உண்மை: பாதி உண்மை. நெல் கூடுதலாக வளரும். ஆனால் அரிசியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கூடவே வரும் வெப்பம் வேறு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களில் கண்டு 2004-ல் சொன்னது: இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பூக்கும் நாளில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகும்.

நம்பிக்கை: மரம் நட்டால் கணக்கு நேராகிவிடும்.

உண்மை: மரம் கார்பனைச் சேர்த்து வைக்கும், நிற்கும்வரை. 2018 நவம்பர் 16 விடிந்தபோது பேராவூரணி வட்டாரம் அதைக் கண்ணால் பார்த்தது. கஜா புயல் சாய்த்த தென்னைகளில் பல பத்தாண்டுகள் சேர்ந்த கார்பன், மட்கியும் எரிந்தும் காற்றுக்கே போனது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் சேறு இன்னும் உறுதியான பெட்டகம். பிராணவாயு இல்லாததால் அங்கே விழுந்த இலையும் வேரும் நூற்றாண்டுகள் தங்கும். கடல்நீரின் சல்பேட், மீத்தேன் உண்டாவதையும் மட்டுப்படுத்தும். தோப்பை மறுபடி வைப்போம், அலையாத்தியைக் காப்போம். ஆனால் கோடி ஆண்டுச் சேமிப்பை வெளியே எடுத்துக்கொண்டே, ஐம்பது ஆண்டு மரத்தால் அதை ஈடுகட்ட முடியாது.

ஏரி நிரம்பித் தளும்பும்போது வாய்க்காலையும் மதகையும் மட்டும் சரிசெய்தால் போதாது. கரையில் ஓடும் அந்த மோட்டாரை நிறுத்த வேண்டும்.