பெயரொற்றுமையும் குடிவழி ஆராய்ச்சியும்

இருவர்க்குப் பெயர் ஒன்றாயிருத்தல் பற்றி அவ்விருவரும் ஒருவரே எனத் துணிதல், வரலாறு கற்பார்க்கு எளிதில் நேரும் வழுக்களுள் ஒன்றாம். அமெரிக்க நாட்டில் முற்படக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பூர்வோத்தரத்தைக் கொண்டு இதனை விளக்குவாம்.

1620ஆம் ஆண்டில் ‘மேஃபிளவர்’ என்னும் கப்பலேறி இங்கிலாந்தினின்றும் சென்றவருள் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பார் ஒருவர். மனைவி எலிசபெத்தும், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ், டமாரிஸ் என்னும் மக்களும் அவருடன் சென்றனர். நடுக்கடலிற் பிறந்த மகவுக்கு ஓஷியானஸ் எனப் பெயரிட்டனர். பிளிமத் குடியேற்றத்தின் தலைவராயிருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு, கான்ஸ்டன்ஸும் ஜைல்ஸும் ஹாப்கின்ஸின் முந்திய மனைவி வயிற்று மக்கள் எனக் குறித்துள்ளார். அம்மனைவியின் பெயரையோ, ஹாப்கின்ஸ் பிறந்த ஊரையோ அவர் குறித்திலர்.

பிற்காலத்தார் அக்குறையை ஊகத்தால் நிரப்பினர். ஹாப்கின்ஸ் குளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்னும் ஊரினர் என்றும், முதல் மனைவியார் கான்ஸ்டன்ஸ் டட்லி என்றும் எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுத, பலர் கூறினர் என்பதுவே சான்றாயிற்று. மூலச் சான்றோ யாதுமில்லை.

நிற்க, இங்கிலாந்தில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைத் திருச்சபைப் பதிவேடுகளில் எழுதிவருமாறு 1538இல் கட்டளை பிறந்தது. ஹாம்ப்ஷயரிலுள்ள ஹர்ஸ்லி என்னும் சிற்றூரின் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மக்கள் மூவர் ஞானஸ்நானம் பெற்றமை காணப்படுகின்றது: எலிசபெத் 1604, கான்ஸ்டன்ஸ் 1606, ஜைல்ஸ் 1608. கேலப் ஜான்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை 1998இல் வெளியிட்டார். ஸ்டீபன் என்னும் பெயர் தனித்து நின்றால் யாதொன்றையும் நிறுவாது. கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் என்னும் அருகிய பெயர்கள் இரண்டும் அவர்தம் மக்கட்பெயராய் ஒரே இல்லத்தில், ஏற்ற காலத்தில், ஒருங்கே அமைதலே வலிய சான்றாம்.

பிற செய்திகளும் இதனோடு இயைகின்றன. 1609இல் ‘சீ வென்ச்சர்’ என்னும் கப்பல் பெர்முடாத் தீவில் உடைந்தபொழுது, அதிற்சென்ற ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பார்க்குக் கலகக் குற்றம் பற்றி மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர் தம் மனைவி மக்களின் கதியை எடுத்துரைத்து மன்றாடி மன்னிப்புப் பெற்றார் என உடனிருந்த வில்லியம் ஸ்டிரேச்சி எழுதியுள்ளார். அவ்வாண்டில் ஹர்ஸ்லியில் மூன்று சிறு குழந்தைகள் இருந்தனர் அன்றோ? மீட்டும் அவ்வூர்ப் பதிவேட்டில், 1613ஆம் ஆண்டு மே மாதத்தில் மேரி ஹாப்கின்ஸ் அடக்கம்பண்ணப்பட்ட செய்தி உளது. 1618இல் லண்டன் மாநகரை அடுத்த ஒயிட்சேப்பலில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பார் எலிசபெத் ஃபிஷரை மணந்தார். முந்திய மனைவி இறந்தபின் பிந்திய மனைவி வந்தமை இவ்வாறு காலமுறையிற் பொருந்துகின்றது.

மாணவர்காள்! இவ்வாராய்ச்சியின் பயன் ஓர் ஊர்ப்பெயரைத் திருத்தியதோடு நின்றிலது. கணவர் கடல்கடந்து சென்றிருக்க, மூன்று மக்களைப் பேணி, அவர்கள் வளருமுன்னரே மறைந்த மேரி என்னும் தாயின் இடத்தில், சான்றில்லாத வேறொரு பெயர் வைக்கப்பட்டிருந்தது. அவர் இறந்து 385 ஆண்டுகள் சென்றபின், ஒரு பதிவேட்டின் சில வரிகள் அவ்விடத்தை அவர்க்கே மீட்டளித்தன. பலர் வாய்ப்பட்ட கூற்றை நம்புதற்குமுன் அதன் மூலத்தைத் தேடுதல், மறைந்தோர்க்கு நாம் செலுத்தவேண்டிய நீதியுமாகும்.