பழைய மரச்சிற்பத்தைச் சீராக்க...

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வாகை, மா, வேம்பு என ஏதாவதொரு மரத்தின் ஒரே கட்டையில் குடைந்தெடுப்பதால் ஓரிடத்தில் ஈரம் ஏறினாலும் வெடிப்பு நெடுக ஓடும்.

முதலில் சிற்பத்தைக் கறுப்புத் தாள் மேல் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். மாவு போல வெளிர்தூள் புதிதாக விழுந்தால் வண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. துளைகளில் ஊசிக்குழலால் மரத்துக்கான பூச்சிமருந்தைச் செலுத்துங்கள். கையுறை கட்டாயம்.

அடிப்பீடத்தில் ஊசியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் உளுத்த பகுதியைச் சுரண்டிவிட்டு, அதே வகை மரத்துண்டை ரேகை ஒத்துப்போகும்படி பொருத்தி ஒட்டுங்கள். சிறு வெடிப்புக்கு மரத்தூளும் மரப்பசையும் போதும்.

சிலர் மரப்படகுக்குப் போடுவதுபோல ஃபைபரும் ரெசினும் பூசுகிறார்கள். வேண்டவே வேண்டாம்! உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் வெளியேற வழியின்றி, பளபளப்புக்கு அடியில் மரம் மக்கும். படகிலும் இதே கதைதான்.

மூக்கு, விரல், நகை வேலைப்பாடுகளில் உப்புத்தாள் படக்கூடாது, உளித்தடம் மழுங்கிவிடும். அங்கே மென்தூரிகைதான். முகமே சிதைந்திருந்தால் நீங்கள் கைவைக்காதீர்கள், ஸ்தபதியிடம் கொடுங்கள்.