ஓர் எழுத்து மட்டும் சொல்லுங்கள்

குறுக்கெழுத்தில் மாட்டிக்கொண்டவருக்கு உதவ வருபவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடும். இன்னொன்று ஓர் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். முதல் ரகத்தாரிடம் கேட்பதை நான் விட்டுவிட்டேன். காபியும் பேப்பருமாகக் கொஞ்ச நேரம் மண்டையைக் குடையலாம் என்று உட்கார்ந்தால், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "ஆதவன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறவரை என்ன செய்வது?

தமிழ்க் கட்டத்தில் ஓர் எழுத்து என்பது சின்ன உதவி அல்ல. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துதான் போட்டி. நமக்கு 247, கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதனால் தமிழ்ப் புதிர் கடினம் என்று சொல்பவர்கள் உண்டு. கட்டம் போடுபவருக்கு அது உண்மைதான், சொற்களை ஒன்றோடொன்று கோப்பதற்குள் அவருக்கு உயிர் போய்விடும். தீர்ப்பவருக்கோ இதுவே லாபம். 'பகலில் ஒளி தருபவன், 4 எழுத்து' என்று ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன், ஆதவன், கதிரோன், வெய்யோன் நான்கும் பொருந்தும். இரண்டாம் கட்டத்தில் என்ன எழுத்து என்று தெரிந்தால் போதும். 'ரி' என்றால் சூரியன், 'த' என்றால் ஆதவன், 'தி' என்றால் கதிரோன், 'ய்' என்றால் வெய்யோன். ஒரே எழுத்தில் வழக்கு முடிந்தது. அதே சமயம் கடைசி எழுத்தைக் கேட்டிருந்தால் நான்குக்கும் 'ன்'தான், கேட்டது வீண். ஆண்பால் பெயர் பெரும்பாலும் 'ன்' என்றும், பொருட்பெயர் பல 'ம்' என்றும் முடியும் மொழியில் கடைசிக் கட்டத்தை யாரிடமும் கேட்காதீர்கள். முதல் எழுத்தையோ இரண்டாவதையோ கேளுங்கள்.

யாரையும் கேட்காமலே கிடைக்கும் எழுத்துகளும் உண்டு. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று ஒரு பாடம் நடத்தினார்களே, நாம் தூங்கிய பாடம், அது இங்கேதான் கைகொடுக்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்குக்கும் பிறகு அதனதன் வரிசை எழுத்துதான் வரும். ஒரு கட்டத்தில் 'ப்' விழுந்தால் அடுத்த கட்டம் ப, பா, பி, பு என்ற குடும்பத்துக்குள்தான். 'ங்' விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் 'க' வரிசை. ரகரமும் ழகரமும் இரட்டிக்கவே இரட்டிக்காது. புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. ஆகவே எண் போட்ட கட்டத்தில், அதாவது இன்னொரு சொல் தொடங்கும் இடத்தில், புள்ளி எழுத்து வந்து உட்கார்ந்தால் ஏற்கெனவே எழுதிய சொல்தான் தப்பு. ஆனால் பத்திரிகைத் தமிழ் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. பக்தி, சக்தி, பட்ஜெட், டிக்கெட் எல்லாம் தாராளமாக வரும். குறிப்பில் கோயில் வாடையோ அரசியல் வாடையோ அடித்தால் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

நம் பத்திரிகைக் கட்டங்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் ஆகியவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் இரண்டு உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். விடை தெரிந்திருக்கும், 'மதுரை'யை 'ரைதும' என்று எழுதக் கை வராது. ஓரத்து வெள்ளையில் நேராக எழுதிக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து வையுங்கள். பேனா வேண்டாம், பென்சில்.

'குழம்பியிருக்கிறது', 'கலைந்துள்ளது' என்று குறிப்பின் முடிவில் போட்டிருந்தால் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். இது சாதாரண வகை. குறிப்பே சொல்விளையாட்டாக இருப்பது இன்னொரு வகை. அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் அப்படிப்பட்டவை. அதில் பழக்கமில்லாதவர்களுக்காக நானே கட்டிய மூன்று குறிப்புகள்: 'குழம்பிய நகரத்தில் பாவிகளுக்கு இடமுண்டு (4)'. நகரம் என்ற நான்கு எழுத்தைக் கலைத்தால் நரகம். 'தலைபோன கவிதையும் மண்ணில் முளைக்கும் (2)'. கவிதையின் தலையை வெட்டினால் விதை. 'இடையொடிந்த கடலை 64-ல் ஒன்று (2)'. நடு எழுத்து போனால் கலை. இந்த வகையில் மாட்டிக்கொண்டவர் எழுத்தைக் கூடக் கேட்க வேண்டாம். "இதில் எந்தச் சொல் பொருள், எந்தச் சொல் வேலை காட்டுது?" என்று கேட்டால் போதும். 'குழம்பிய' வேலை காட்டுகிறது என்று ஒருவர் தொட்டுக் காட்டினாலே மீதி தானாக வரும்.

புத்தகத்திடம் கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அகராதியில் சொல்லைத் தேடினால் பொருள் கிடைக்கும். நம் கையில் இருப்பதோ பொருள், வேண்டியது சொல். அதற்கு நிகண்டுதான் சரி. திவாகரம், பிங்கலம், சூடாமணி மூன்றிலும் ஒரு பொருளுக்கு உரிய பெயர்களை ஒரே இடத்தில் அடுக்கியிருப்பார்கள். சூரியனுக்கு உள்ள பெயர்களைச் சூடாமணியின் தேவப் பெயர்த் தொகுதியில் பார்த்துவிடலாம். சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டது. அதை இயற்றிய மண்டல புருடர் மனப்பாடம் செய்யும் மாணவர்களை நினைத்துத்தான் அப்படிச் செய்திருப்பார், ஆனால் இரண்டாம் கட்டம் மட்டும் நிரம்பிய நமக்கும் அது உதவுகிறது. கிடைத்த சொல் சரிதானா என்று பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இன்றைய சொல் என்றால் க்ரியா அகராதி. புராணப் பாத்திரங்களுக்கு 'அபிதான சிந்தாமணி'.

சினிமாவுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், எங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார்.

"அத்தை, சிவாஜி ஒன்பது வேஷம் போட்ட படம், ஆறெழுத்து. படத்தைச் சொல்லிடாதீங்க. மூணாவது எழுத்து மட்டும்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ரா" என்பார். தொடர்ந்து, "இதுகூடத் தெரியாமத்தான் பேப்பர் படிக்கிறியா?" என்பார். நவராத்திரி 1964-ல் வந்த படம், நான் அப்போது பிறக்கவே இல்லை என்று சொன்னால் எடுபடாது.

இப்படிக் கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு. குறிப்பைப் பேப்பரில் உள்ளபடியே வாசியுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கினால் பாதி தகவல் போய்விடும். எத்தனை எழுத்து, எது நிரம்பியிருக்கிறது, எந்தத் திசை மூன்றையும் சொல்லுங்கள். 'அம்மா' மூன்று எழுத்து, புள்ளிக்கும் தனிக் கட்டம் என்பதை உதவுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிரிக்கெட் குறிப்பை வீட்டுப் பையனிடமும், பாத்திரம் பண்டம் பற்றிய குறிப்பைச் சமையல்கட்டிலும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒருவரிடமே கேட்டால் அவர் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார்.

கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளிடமும் கேட்டுப் பார்த்தேன். ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் ஆறெழுத்துச் சொல்லைத் தந்து, அது ஐந்துதான் என்று சாதித்தன. உயிர்மெய்யை எண்ணுவதில் மாமியார் அளவுக்கு அவை தேறவில்லை.

அப்படியும் ஒரு கட்டம் காலியாகவே நின்றால் மறுநாள் வரை விட்டுவிடுங்கள். விடை வந்ததும் அதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகாமல் பழைய குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புதிர் போடுபவர்களுக்கு விருப்பமான சொற்கள் உண்டு, இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் குறித்துவைக்க ஒரு சின்ன நோட்டு போதும். விடை பார்க்கும் வரை முந்தின நாள் பேப்பரைப் பழைய பேப்பர் கட்டில் சேர்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.