முதல் படகு வாங்கப் போகும் மருமகனுக்கு



பிறர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்த நீ, இனிமேல் சொந்தமாக ஒரு பைபர் படகு வாங்கித் தொழில் செய்ய உத்தேசித்திருப்பதாகவும், நாகப்பட்டினத்துப் பக்கத்தில் பழைய படகு இரண்டைப் பார்த்து வைத்திருப்பதாகவும் தங்கை எழுதியிருந்தாள். சந்தோஷம். ஆயினும், படகுப் பட்டறையில் ரெசினும் கண்ணாடியிழையுமாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில், நீ கேளாமலே சில விஷயங்களைச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

படகைப் பார்ப்பதற்கு முன்னால் உன் கரையைப் பார். துறைமுகமோ முகத்துவாரமோ இல்லாமல், அலை நேரே வந்து மணலில் அடிக்கும் திறந்த கரை அது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தை நம் முன்னோர் அத்தனை காலம் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம், அலை மேலே ஏறினாலும் தண்ணீர் உள்ளே தங்காமல் வழிந்தோடும் என்பதும், கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாகத் தூக்கிவிடலாம் என்பதுமே அன்றி, வேறு ஓடம் செய்யத் தெரியாததன்று. 1979-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார்கூட, இதே அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய படகுக்காகத்தான் மாதிரி மாதிரியாகக் கட்டிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஆகையால், துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் முப்பத்திரண்டு அடிப் படகின் கம்பீரத்தைக் கண்டு மயங்காதே. விடியற்காலையில் அதைத் தள்ளி இறக்கவும், மீன் கனத்தோடு மேலே ஏற்றவும் உன் கரையில் தினந்தோறும் எத்தனை கை கிடைக்கும், டிராக்டர் வைத்து இழுக்கும் வசதி உண்டா, அதற்கு என்ன கூலி என்று முதலில் விசாரி. தொடக்கக்காரனுக்கு இருபத்தெட்டு அடியே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனிப் படகுக்கு வருவோம். புதுப் பெயின்ட் மணக்கும் பழைய படகென்றால் அங்கேயே உன் சந்தேகம் தொடங்கட்டும். அதைக் கரைமேல் ஏற்றி, ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொல்லி, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ அடிப்பாகத்தைப் பார். மணலில் இழுபட்டு இழுபட்டு மேற்பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கும் இழை முடிபோல் வெளியே தெரிந்தால், தண்ணீர் அந்த இழை வழியாகவே உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை, சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் கணீரென்று பேசும். அடுக்கு பிரிந்த இடமோ, உள்ளே வைத்த பலகை ஊறிய இடமோ தொப்பென்று அடங்கிவிடும். அவ்விடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடு. வட்டங்கள் சேர்ந்து ஒரு முழத்துக்குமேல் நீண்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் வந்த வழியே திரும்பிவிடு. என்ஜின் உட்காரும் இடத்துப் போல்ட்டுகளைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கீறல் பரவியிருக்கிறதா என்பதையும் கண்ணை அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பலர் பார்க்க மறக்கும் இடம் ஒன்றுண்டு. நம் படகுகளின் அறைகளுக்குள், கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்கும் பொருட்டுத் தெர்மோகோல் அடைத்திருக்கிறோம் அல்லவா? மூடியின் ஓரத்தில் விரிசல் விட்டால் அதில் வருஷக்கணக்கில் தண்ணீர் சேர்ந்து ஊறிக் கிடக்கும். வெளியே எதுவும் தெரியாது. படகு மட்டும் கனத்துப்போய், டீசலைக் குடித்துக்கொண்டு மந்தமாக நகரும். விற்பவரைக் கேட்காதே, அந்தப் படகைத் தள்ளுகிற ஆட்களைக் கேள். முன்பு ஆறு பேர் தள்ளியதை இப்போது ஒன்பது பேர் தள்ளுகிறோம் என்று அவர்கள் சொன்னால் விஷயம் விளங்கிவிடும். படகை வார்த்த விதத்தையும் விசாரி. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் தருமமாக வந்து குவிந்த படகுகளில் செவ்வையானவையும் இருந்தன. அவசரத்தில் இழையைக் குறைத்து மெலிதாக வார்த்தவையும் இருந்தன. தானம் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். ஆனால் நீ பணம் கொடுத்தல்லவா வாங்கப் போகிறாய்!

என்ஜினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். போனவுடன் அதன்மேல் கையை வை. சூடாயிருந்தால், நீ வருமுன் ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜின் எளிதில் உயிர் பெறுகிறதா என்பதே பரீட்சை. நீலப் புகை விடாது வந்தால் ஆயில் எரிகிறது; ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒருமுறை கடலுக்குள் ஓட்டிப் பாராமல் முன்பணம் கொடுப்பவன் ஏமாறுவதற்கென்றே பிறந்தவன்.

பத்திர விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். மீன்வளத்துறையின் பதிவும் உரிமமும் விற்பவர் பெயரிலேயே இருக்கின்றனவா, படகில் எழுதிய எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றுதானா, அதன்மேல் கடன் பாக்கி உண்டா என்று அலுவலகத்திலேயே கேட்டு, பெயர் மாற்றம் முடிந்தபின் முழுத்தொகையைக் கொடு. பதிவில்லாத படகுக்கு மானிய டீசலும் இல்லை, ஆபத்து நேர்ந்தால் நிவாரணமும் இல்லை.

இவை யாவற்றையும்விடப் பிரதானமான விஷயம், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. படகின் விலையை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு கிளம்பியவர்கள் பலர், வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் முதல் மாதத்து டீசலுக்கும் கையில் காசில்லாமல், வியாபாரியின் வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அவர் வட்டி கேட்கமாட்டார். சிரித்த முகத்தோடு கொடுப்பார். ஆனால் அன்றுமுதல் உன் மீன் அவர் கைக்கே போகவேண்டும். அவர் சொல்வதே விலை. அதிலும் கமிஷன் கழியும். வாங்கிய முதலோ வாங்கியபடியே நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் மீன்பிடித் தடையில் நிற்கும்போது, உன்னைப் போன்ற சிறு படகுக்காரன் பிடிக்கும் மீனுக்கு நல்ல விலை உண்டு. அந்தக் காலத்து லாபத்தைத்தான் இந்த ஏற்பாடு முதலில் விழுங்கும். எனவே கூட்டுறவுச் சங்கத்தையும் வங்கியையும் முதலில் அணுகு. 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்குப் பொதுப் பிரிவில் நாற்பது சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் அறுபது சதவீதமும் மானியம் வைத்தார்கள். இப்போதும் அது படகுக்கு உனக்குக் கிடைக்குமா என்று துறை அலுவலகத்தில் கேட்டுப் பார். கரையில் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்று உன்னை வளர்த்த உன் தாயாருக்கு எந்த மாதத்தில் எந்த மீன் என்ன விலை போகும் என்பது மனப்பாடம். வரவுசெலவுக் கணக்கை அவளிடம் ஒப்படைத்தால் என்னைவிடத் திருத்தமாகப் போட்டுத் தருவாள்.

வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் ஐப்பசி கார்த்திகையில் தொழில் முடங்குவதால், விற்பவர் விலையில் இறங்கிவர இடமுண்டு. அதுவரை பொறுத்தால் நஷ்டமில்லை. வாங்கிய அன்றே, ஏறுகிற ஆட்கள் அத்தனை பேருக்கும் உயிர்காப்பு அங்கி வாங்கிவிடு. அணியாமல் உட்காரும் இடத்தில் மடித்து வைப்பதற்கன்று. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைப் படகுக்குள்ளேயே பெயின்டால் எழுதி வை.

நீ பார்த்த இரண்டில் எது மனதுக்குப் பிடித்தது, அதன் வயதென்ன, யார் வார்த்தது என்று மறுதபாலில் எழுது. நான் வந்து நாணயத்தால் தட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமன்