புது கார்டு போட்டும் கேம் ஏன் திக்குது?

எங்க அண்ணன் ஆறு மாசம் சேர்த்த பணத்தில் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டான். அப்படியும் கார் ரேஸ் கேம் பழையபடி திக்கித் திக்கித்தான் ஓடியது. "காசெல்லாம் வீணாப் போச்சு"ன்னு சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

நான் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் ஒயர் மதர்போர்டில் இருந்தது. கார்டின் சொருகும் இடம் காலி! அதனால் பிராசஸரே படம் வரைந்திருக்கிறது. கார்டு சும்மா இருந்திருக்கிறது. ஒயரை மாற்றினோம், கேம் சரசரன்னு ஓடுச்சு.

நீங்களும் பாருங்கள்:

1. மானிட்டர் ஒயர் கார்டில் இருக்கணும்.
2. கார்டுக்குரிய டிரைவர் போடணும்.
3. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் செட்டிங்கில் 60 என்றே இருக்கலாம், மாற்றணும்.

பொருளைக் குறை சொல்லுமுன் இணைப்பைப் பார்ப்போம்!