பனைமுட்டியும் ஆய்வுகூடமும்: உணவாக்கத்தில் நொதியங்களும் நுண்ணங்கிகளும்

இரவிற் கரைத்து வைத்த தோசைமா விடியற்காலையிற் பொங்கி நிற்பதும், உறையிட்ட பால் தயிராவதும், இனிதாய் இறங்கிய பனஞ்சாறு சில மணி நேரத்துட் கள்ளாய்ப் புளிப்பதும் நம் ஊர்களில் நாடோறும் நிகழ்வன. நாடோறும் நிகழ்வதாலேயே அவை நம் கருத்தைக் கவராது போகின்றன. ஆயின், இத்தகைய எளிய நிகழ்ச்சிகளை உற்று நோக்கியவர்களாலேயே உயிரியற்றொழினுட்பவியல் என்று இன்று போற்றப்படும் அறிவுத்துறைக்கு அத்திவாரம் இடப்பட்டது. உணவாக்கத்தில் நொதியங்களும் நுண்ணங்கிகளும் ஆற்றும் பணி யாது, அப்பணியை மனிதன் எவ்வாறு தன் வயப்படுத்தினான், அவ்வறிவு நம் நாட்டுப் பொருள்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை சுருங்கக் கூற முயல்கின்றது.

நொதியமும் நுண்ணங்கியும்

முதலில் இவ்விரண்டினையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நுண்ணங்கி என்பது கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர். மதுவம், பற்றீரியா, பங்கசு என்பன உணவாக்கத்தோடு பெரிதுந் தொடர்புடையவை. அவை உண்டு, வளர்ந்து, பெருகுகின்றன. நொதியமோ உயிரன்று, உயிர்க்கலங்கள் ஆக்கும் ஒருவகைப் புரதமாகும். ஓர் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவழியாது எஞ்சி நிற்றலின் அதனை ஊக்கி என்பர். ஒரு நொதியம் எல்லாப் பொருள்களையுந் தாக்குவதில்லை. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் பொருந்துவதுபோல ஒவ்வொரு நொதியமும் தனக்குரிய பொருளையே பற்றும் என்னும் உவமையை எமில் பிஷர் என்னும் செருமானிய அறிஞர் 1894 இல் எடுத்தாண்டார். மேலும், நொதியம் தனக்கு ஏற்ற வெப்பநிலையிலும், ஏற்ற அமில அல்லது கார நிலையிலுமே நன்கு தொழிற்படும். கொதிக்க வைத்தாற் பெரும்பாலான நொதியங்கள் செயலிழந்துவிடும்.

இதனை மாணவர் எவரும் பள்ளி ஆய்வுகூடத்திற் சோதித்தறியலாம். ஐதான கஞ்சி நீரை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்துக் கொள்க. ஒன்றினுட் சிறிது உமிழ்நீரையும், மற்றையதனுட் கொதிக்க வைத்து ஆறவிட்ட உமிழ்நீரையுஞ் சேர்த்து, உடற்சூடுள்ள நீரில் இரு குழாய்களையும் நிறுத்துக. சிறிது நேரத்திற்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்து அயடீன் கரைசலோடு கலந்து பார்க்க. கொதிக்காத உமிழ்நீர் சேர்ந்த குழாயில் நீலநிறம் வரவரக் குன்றி இறுதியில் தோன்றாதொழியும். மற்றையதில் நீலநிறம் மாறாது நிற்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளை மோற்றோசு என்னும் வெல்லமாகப் பகுத்தமையும், கொதிநிலையில் அந்நொதியம் அழிந்தமையும் இதனாற் பெறப்படும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதன் காரணமும் இதுவே.

அறிவு வளர்ந்த வழி

பிரான்சு தேசத்து அறிஞர்களான பையன், பெர்சோ என்னும் இருவரும் 1833 இல் முளைத்த வாற்கோதுமையிலிருந்து மாப்பொருளைப் பகுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு டயத்தேசு எனப் பெயரிட்டனர். இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர் அந்நாட்டின் லீல் நகரிற் பேராசிரியராயிருந்த லூயி பாஸ்ரரிடம், பீற்றுக்கிழங்கிலிருந்து அற்ககோல் வடிப்போர் ஒருவர் தம் தொட்டிகள் புளித்துக் கெடுவது பற்றி முறையிட்டார். பாஸ்ரர் அத்தொட்டிகளின் நீரை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். நன்கு நொதித்த தொட்டியில் உருண்டையான மதுவங்களையும், புளித்த தொட்டியில் அவற்றினும் மிகச் சிறிய வேறோர் உயிரையுங் கண்டார். நொதித்தல் உயிரின் செயல் எனவும், ஒவ்வொரு வகை நொதித்தலுக்கும் ஒவ்வொரு வகை நுண்ணங்கி காரணம் எனவும் அவர் 1857 முதல் நிலைநாட்டலாயினார்.

உயிருள்ள மதுவமின்றி வெல்லம் அற்ககோலாகாது என்னும் கொள்கை நாற்பதாண்டுகள் நிலைத்தது. 1897 இல் எடுவாட்டு பூக்னர் என்பார் மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிர்க்கலமற்ற சாற்றை எடுத்தார். அச்சாறு கெடாதிருக்கச் சருக்கரையைச் சேர்த்தபோது அதிலிருந்து வாயுக் குமிழிகள் எழுந்தன. உயிரில்லாத சாறும் நொதிக்கச் செய்யும் என்பது இதனாற் புலனாயிற்று. இதற்காக 1907 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் 1926 இல், அமெரிக்கரான யேம்சு சம்னர் நம் வேலிகளிற் படரும் வாளவரைக்கு இனமான ஓர் அவரையின் விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் பளிங்குருவிற் பெற்று, நொதியம் ஒரு புரதமே என்று காட்டினார்.

ஆகவே, நுண்ணங்கியைத் தொழிலாளி என்றும், நொதியத்தை அத்தொழிலாளியின் கையிலுள்ள கருவி என்றுங் கொள்ளலாம். சில வேலைகளுக்குத் தொழிலாளியையே அமர்த்த வேண்டும்; வேறு சிலவற்றிற்குக் கருவி மட்டும் போதும். உணவாக்க ஆராய்ச்சி முழுவதும் இத்தெரிவிலேயே தொடங்குகின்றது.

தத்தம் நாட்டுப் பொருள்

இவ்வரலாற்றில் ஓருண்மை கருதத்தக்கது. பாஸ்ரர் தம் ஊரின் பீற்றுக்கிழங்குத் தொட்டியையே ஆராய்ந்தார். அவ்வாறே யப்பானியரான யோக்கிச்சி தக்கமினே, தம் நாட்டார் நெடுங்காலமாகச் சோற்றில் வளர்த்து மதுவும் சோயாக் குழம்பும் ஆக்கப் பயன்படுத்திய அசுப்பெசிலசு ஒறைசே என்னும் பங்கசைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, அதனின்று நொதியத்தைப் பிரித்தெடுத்து, 1894 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். பாட்டியர் கையாண்ட பூஞ்சணம் உலகச் சந்தையில் மருந்தாக விலைபோயிற்று.

அமெரிக்கர் தம் சோளத்தை ஆராய்ந்தனர். மாப்பொருளை அமிலத்தோடு கொதிக்க வைத்து வெல்லமாக்கும் முறையை உருசிய நாட்டிற் கேக்கோவ் என்பார் 1811 இலேயே கண்டிருந்தார். அம்முறையிற் கைப்பும் நிறமும் விளைவதுண்டு. 1960 ஆம் ஆண்டுகளில் நொதிய முறை அதன் இடத்தைப் பெற்றது. பசில்லசு இனப் பற்றீரியாவின் அமிலேசு 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அழியாது மாப்பொருளைத் துண்டாக்கும். பின்னர் அசுப்பெசிலசு நைகர் என்னும் பங்கசின் குளுக்கோ அமிலேசு அத்துண்டுகளை ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திற் குளுக்கோசாக்கும். அக்குளுக்கோசின் ஒரு பகுதியை மூன்றாவது நொதியமொன்று அதனினும் இனிய பிரற்றோசாக மாற்றும். 1967 முதல் இவ்வினிப்புப் பாகு வாணிகப் பொருளாயிற்று.

நொதியத்தை ஒருமுறை பயன்படுத்திக் கழித்துவிடுதல் பொருட்செலவானது. ஆதலால் அதனைச் சிறு மணிகளிற் பிணைத்துக் குழாயில் நிரப்பி, அதனூடே கரைசலைச் செலுத்தும் முறை வகுக்கப்பட்டது. 1969 இல் யப்பானில் அது முதன்முதல் தொழிற்சாலையிற் கையாளப்பட்டது. பாற்கட்டி செய்வதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்பட்டு வந்த கைமோசின் என்னும் நொதியத்தின் பரம்பரையலகை நுண்ணங்கியினுட் புகுத்தி, அந்நுண்ணங்கியைக் கொண்டே அதனை ஆக்குவிக்கும் முறைக்கு 1990 இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. கன்றைக் கொல்லாது பாற்கட்டி ஆக்குதல் இதனாற் கைகூடிற்று.

பனை தரும் பாடம்

இனி நம் பனைக்கு வருவோம். பாளையிலிருந்து வடியும் சாற்றில் ஏறத்தாழ 12 வீதம் சுக்குரோசு உண்டு. முட்டியில் விழுந்த கணமே காற்றிலும் பூச்சிகளின் காலிலும் முட்டியின் சுவரிலுமுள்ள நுண்ணங்கிகள் அதனைப் பற்றிக் கொள்கின்றன. மதுவத்தின் இன்வேற்றேசு என்னும் நொதியம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளக்கின்றது. மதுவம் அவற்றை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. நுரை எழுவது இவ்வாயுவினாலாம். உடனிருக்கும் பற்றீரியாக்கள் இலத்திக்கமிலத்தை ஆக்கிப் புளிப்பூட்டுகின்றன. மேலும் விட்டுவைத்தால், வேறு பற்றீரியாக்கள் காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையால் அற்ககோலை அசற்றிக்கமிலமாக்கும். அதுவே வினாகிரி. ஒரே சாறு, ஒரே முட்டி. நேரம் செல்லச்செல்லப் பொருள் வேறாகின்றது.

முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினாலோ சாறு கருப்பநீராக இனிப்பு மாறாதிருக்கின்றது. சுண்ணாம்பின் காரத்தால் நுண்ணங்கிகளின் பெருக்கமும் இன்வேற்றேசின் செயலும் தடைப்படுகின்றன. பனங்கட்டி காய்ச்சுவோர் சுண்ணாம்பின் அளவிற் கண்ணுங் கருத்துமாயிருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். சுண்ணாம்பு குறைந்தாற் சுக்குரோசு பிளவுபட்டுப் பாகு இறுகாது பிசுபிசுக்கும். மிகுந்தாற் சுவையும் நிறமுங் கெடும். நொதியம் என்னுஞ் சொல்லைக் கேட்டறியாத நம் முன்னோர் நொதியத்தை அடக்கியாளும் முறையை அறிந்திருந்தனர். அவர்கள் கையளவாற் கண்டதை நாம் எண்ணளவாற் காணுதல் வேண்டும். ஒரு முட்டிக்கு எத்தனை கிராம் சுண்ணாம்பு, எத்தனை மணிக்குள் இறக்குதல் வேண்டும், எஞ்சிய சுண்ணாம்பை எவ்வாறு நீக்குதல் வேண்டும் என்று அளந்து வரையறுத்தாலன்றி ஒரு நாளைப்போல் மறுநாளும் ஒரே தரமான பண்டம் பெறுதல் அரிது. ஒரே தரமில்லாத பண்டம் அயலூர்ச் சந்தையில் நிலைபெறுவதும் அரிது. சீவற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்களின் நாள்வருவாய் இவ்வளவைகளோடு பிணைந்துள்ளது.

பனம்பழத்தின் செய்தி வேறு. ஆவணி, புரட்டாதி மாதங்களில் வடலிகளின் நடுவே விழும் பழங்களுட் பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் எடுத்தவை போக எஞ்சியவை மண்ணோடு மண்ணாகின்றன. களியில் வெல்லமும், மாம்பழத்திற் போன்ற மஞ்சள் நிறப்பொருளும் உண்டு. ஆயினும் அதன் காறலும் கைப்பும் அதனைப் பானமாகவும் பழப்பாகாகவும் ஆக்குதற்குத் தடையாய் நின்றன. அக்கைப்பிற்குக் காரணமான பொருள்களை இலங்கை அறிஞர் ஆராய்ந்தனர். பனையின் தாவரவியல் நூற்பெயரின் பிற்பகுதியை ஒட்டி அவை பிளபெலிபெரின் எனப் பெயர் பெற்றன. வெல்ல மூலக்கூறுகள் சில ஒரு பெருமூலக்கூற்றோடு கோக்கப்பட்ட அமைப்பினை உடையவை அவை. தோடையினப் பழச்சாறுகளின் கைப்பை நீக்க மேல்நாட்டார் கையாளும் நரிஞ்சினேசு என்னும் நொதியம், இவற்றின் வெல்லக் கோவையையும் அறுத்துக் கைப்பை அகற்றவல்லது என்று அவர்கள் கண்டனர். திறவுகோல் அயல்நாட்டது, பூட்டு நம்முடையது. பூட்டின் அமைப்பை நாமே அறிந்தமையாலன்றோ பொருத்தமான திறவுகோலைத் தேட முடிந்தது!

1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள அதன் ஆராய்ச்சி நிலையமும் பனம்பொருள்களை ஆராயவென அமைந்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனத் துறையிலும் மாப்பொருளைப் பகுக்கும் நொதியங்கள் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெற்று வந்துள்ளது. இத்துறையிற் புகவிரும்பும் மாணவன் கடல் கடந்தே தொடங்க வேண்டும் என்னும் நியதி இல்லை.

மாணவர்க்கு

இட்டலிமாவைப் பொங்கச் செய்வது மதுவமன்று, உளுந்தோடும் அரிசியோடும் வரும் இலூக்கொனொசுற்றொக்கு என்னும் பற்றீரியாவே என்பதை விளக்கிய ஆராய்ச்சி 1965 இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றிலிருந்து வெளிவந்தது. நம் அடுக்களைப் பொருளைப் பிறர் ஆராய்ந்து நமக்கு உரைத்தமை நன்றி பாராட்டத்தக்கதே. ஆயின், எல்லாப் பொருளுக்கும் அத்தகைய பேறு வாய்க்கும் என்று இருத்தல் கூடாது. சோளத்தை ஆராயச் சோளம் விளையும் நாட்டார் உளர். பனங்களியின் கைப்பைப் பற்றிக் கவலை கொள்ளப் பனை வளரும் நிலத்தாரையன்றி வேறு யாவர் உளர்?

இதற்கு விலைமிகுந்த கருவிகள் தொடக்கத்தில் வேண்டுவதில்லை. சுண்ணாம்பு பூசாத முட்டி ஒன்றும், வெவ்வேறளவு பூசிய முட்டிகள் மூன்றும், பாசிச்சாயத் தாளும், ஒரு வெப்பமானியும், ஒரு கடிகாரமும், மணிக்கு மணி குறித்துவைக்கும் ஒரு கொப்பியும் போதும். எந்த முட்டி எத்தனையாம் மணியிற் புளிக்கத் தொடங்கிற்று என்று ஒரு பருவம் முழுவதும் பொறுமையோடு குறித்துவைக்கும் மாணவன், பாஸ்ரர் லீல் நகரில் தொடங்கிய இடத்திலேயே தானுந் தொடங்குகின்றான். பழைய மாணவருட் காணியும் பனந்தோப்பும் உடையோர் அவனுக்குப் பனையைக் கொடுத்துதவுக. ஆசிரியர் அவனுக்கு ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்து கொடுக்க. அக்குறிப்பேட்டின் முதற்பக்கம் வருகின்ற பருவத்திலேயே எழுதப்படுமாக.