டிவியில் படம் சரியாகத் தெரிய...

சென்ற ஆண்டு 55 அங்குல எல்இடி டிவி ஒன்று வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை அதனுடன் இணைத்தேன். முதல் வேலையாக 2003-ல் நடந்த என் தங்கையின் திருமண டிவிடியைப் போட்டேன். என் அம்மா காலமாகிவிட்டார். அவர் நடந்து, பேசி, சிரிக்கும் வீடியோ எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதனால் அப்பாவும் ஆசையாக வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். "இது உங்கம்மா நிறமே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். மாநிறமான அம்மாவின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. எல்லோருடைய வெள்ளை வேட்டியும் சொட்டு நீலம் அதிகமாகப் போட்டது போல இருந்தது. அம்மா கட்டியிருந்த மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை வெறும் நீலமாகத் தெரிந்தது. மண்டபத்தின் பின் வரிசையில் இருந்தவர்கள் இருட்டில் மறைந்து போயிருந்தார்கள். டிவியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கோளாறு டிவியில் இல்லை, அதன் செட்டிங்ஸில் என்று. அதை நான் எப்படிச் சரி செய்தேன் என்பதை இங்கே பார்ப்போம். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு எச்டிஎம்ஐ கேபிள், விண்டோஸில் உள்ள பெயின்ட் புரோகிராம் இவை போதும்.

ஏன் இப்படித் தெரிகிறது?

கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் பல டிவிகள் வரிசையாக ஓடிக் கொண்டிருக்கும். அங்கே எது அதிக வெளிச்சமாக, நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிகிறதோ அதுதான் நம் கண்ணை இழுக்கும். இதற்காகவே டிவிகளில் விவிட், டைனமிக் போன்ற மோட்கள் இருக்கின்றன. அதே மோட் வீட்டுக் கூடத்தில் ஓடினால் நிறங்கள் கொட்டிக் கவிழ்த்தது போலத் தெரியும், கண்ணும் எரியும்.

சினிமா எடுப்பவர்கள் ஒரு பொது அளவை வைத்துக் கொண்டுதான் நிறங்களை முடிவு செய்கிறார்கள். அந்த அளவில் வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின் நிற வெப்பநிலை உள்ள வெள்ளை. நம் டிவியையும் அதே அளவுக்குக் கொண்டு வந்துவிட்டால் அவர்கள் பார்த்த படத்தையே நாமும் பார்க்கலாம். நாம் செய்யப் போவது இதைத்தான். படத்தை அழகாக்குவது நம் வேலை அல்ல. டிவி தானாகச் சேர்ப்பதை நீக்குவதுதான் வேலை.

முதலில் மோட் மாற்றுங்கள்

டிவியை ஆன் செய்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். இரவில் வழக்கமாகப் படம் பார்க்கும்போது அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்குமோ அந்த வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

மெனுவில் பிக்சர் மோட் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் மோட் ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்பது 2019-ல் யுஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு அறிவித்தது. டிவி தன் இஷ்டத்திற்குப் படத்தை மாற்றும் வேலைகளை இது ஒரே அடியாக நிறுத்திவிடும். பாதி வேலை இந்த ஒரு மாற்றத்திலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்து கலர் டெம்பரேச்சரைப் பாருங்கள். வார்ம், வார்ம் 2, எக்ஸ்பர்ட் 1 என்று டிவிக்கு டிவி பெயர் மாறும். பெரும்பாலும் இவைதான் 6500 கெல்வினுக்கு அருகில் இருக்கும். மாற்றியவுடன் படம் மஞ்சளடித்தது போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பயந்து பழையபடி மாற்றிவிடாதீர்கள். நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகு பழைய மோடுக்குப் போய்ப் பார்த்தால் அதுதான் நீலமாகத் தெரியும்.

ஆஃப் செய்ய வேண்டியவை

டைனமிக் கான்ட்ராஸ்ட், பிளாக் என்ஹான்ஸர், கலர் என்ஹான்ஸர், எனர்ஜி சேவிங், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மாறும் சென்சார் இவை அனைத்தையும் ஆஃப் செய்யுங்கள். இவை இயங்கினால் காட்சிக்குக் காட்சி படம் மாறிக் கொண்டே இருக்கும். நாம் செய்யும் எந்த மாற்றமும் நிலைக்காது. நாய்ஸ் ரிடக்‌ஷனையும் ஆஃப் செய்யலாம். புள்ளிகள் நிறைந்த பழைய டிவிடிக்கு மட்டும் அதை லோ நிலையில் வைத்துப் பாருங்கள்.

லேப்டாப்பை இணைத்தல்

லேப்டாப்பை எச்டிஎம்ஐ மூலம் டிவியுடன் இணைத்து, விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, படம் டிவியில் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸில் நைட் லைட், எச்டிஆர் இரண்டும் ஆஃப் நிலையில் இருக்கட்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. சினிமா டிஸ்க்குகளிலும் டிவி ஒளிபரப்பிலும் கறுப்பு 16, வெள்ளை 235. முதல் வகையை ஃபுல் என்றும் இரண்டாவதை லிமிடெட் என்றும் சொல்வார்கள். லேப்டாப் ஃபுல் அளவில் அனுப்பி டிவி அதை லிமிடெட் என்று எடுத்துக் கொண்டால், இருண்ட பகுதிகள் கறுப்பில் கரைந்து போகும். மாறாக நடந்தால் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரியும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே விதி. லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலிலும், டிவியில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் அல்லது வீடியோ ரேஞ்ச் என்ற இடத்திலும் இதை மாற்றலாம்.

பெயின்ட்டில் மூன்று படங்கள்

பெயின்ட்டைத் திறந்து கன்ட்ரோல் கீயுடன் ஈ கீயை அழுத்தி, டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷன் என்னவோ அதே அளவைக் கொடுங்கள். எடிட் கலர்ஸ் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் சாம்பல் நிறங்கள் கிடைக்கும். படங்களைப் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அது கோடுகளின் ஓரத்தைக் கெடுத்துவிடும்.

முதல் படம்: பின்னணி முழுவதும் 0. அதன் மேல் 5, 10, 15, 20 என்ற எண்களில் நான்கு பட்டைகள்.

இரண்டாவது படம்: பின்னணி 255. அதன் மேல் 250, 245, 240, 235 என்ற எண்களில் நான்கு பட்டைகள்.

மூன்றாவது படம்: பின்னணி 128. அதன் மேல் சில மெல்லிய கறுப்புக் கோடுகள். படத்தின் நான்கு விளிம்புகளையும் ஒட்டி ஒரு பிக்சல் தடிமனில் சிவப்புக் கோடு.

ஒவ்வொன்றையும் எஃப்11 கீயை அழுத்தித் திரை முழுவதும் தெரியும்படி செய்யுங்கள்.

பிரைட்னஸ்

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலான டிவிகளில் பிரைட்னஸ் என்பது வெளிச்சத்தைக் கூட்டுவதல்ல, கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது. வெளிச்சத்திற்கு பேக்லைட் என்று தனியாக இருக்கும். சோனியின் பல மாடல்களில் மட்டும் பிரைட்னஸ் என்றாலே பேக்லைட், கறுப்புக்கு பிளாக் லெவல் என்று பெயர்.

முதல் படத்தைப் போட்டு, நான்கு பட்டைகளும் தெரியும் வரை பிரைட்னஸைக் கூட்டுங்கள். பிறகு மெதுவாகக் குறையுங்கள். பின்னணி நல்ல கறுப்பாகவும், 10 மங்கலாகவும், 5 தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். என்ன செய்தாலும் பட்டைகள் சரியாக வரவில்லை என்றால், மேலே சொன்ன ஃபுல், லிமிடெட் விஷயத்தை மீண்டும் பாருங்கள்.

கான்ட்ராஸ்ட், பேக்லைட்

இரண்டாவது படத்தில் 250 பட்டை மறைந்திருந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம் என்று பொருள். அது மங்கலாகத் தெரியும் வரை குறையுங்கள். கல்யாண வீடியோவில் வெள்ளை வேட்டியின் மடிப்புகளும், முகூர்த்தப் பட்டின் ஜரிகையும் இதனால்தான் காணாமல் போகின்றன. இதற்குப் பிறகும் படம் கண்ணைக் கூசினால் பேக்லைட்டைக் குறையுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு அளவுகளை வைத்துக் கொள்ளலாம்.

ஷார்ப்னஸ், ஓவர்ஸ்கேன்

மூன்றாவது படத்தில் கறுப்புக் கோடுகளின் இரு பக்கமும் வெள்ளை நிழல் தெரிகிறதா? அது ஷார்ப்னஸின் வேலை. இல்லாத விவரத்தை இருப்பது போல் காட்ட டிவி வரையும் கோடு அது. நிழல் மறையும் வரை குறையுங்கள். பல டிவிகளில் 0 அல்லது அதற்கு அருகில் வரும். சோனியில் நடுவில் உள்ள 50 சரியாக இருக்கும்.

விளிம்பில் உள்ள சிவப்புக் கோடு தெரியவில்லை என்றால் டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. ஜஸ்ட் ஸ்கேன், ஃபிட் டு ஸ்கிரீன் போன்ற பெயர்களில் உள்ள வசதியை ஆன் செய்தால் முழுப் படமும் கிடைக்கும்.

கலர், டின்ட்

சினிமா மோடில் நிறுவனம் கொடுத்திருக்கும் அளவையே அப்படியே வைத்துக் கொள்ளுங்கள். அதை மாற்றுவதற்கு நீல நிறம் மட்டும் தெரியும் வசதியும் கலர் பார் படமும் வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்ற பகுதியில் 2 பாயின்ட், 20 பாயின்ட் என்று எண்கள் இருக்கும். அளக்கும் கருவி இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

மோஷன்

திரைப்படங்கள் பொதுவாக விநாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகின்றன. டிவி நடுவில் தானாகப் புதிய பிரேம்களை உருவாக்கிச் சேர்த்தால், சினிமா பார்த்தாலும் சீரியல் பார்ப்பது போல இருக்கும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை ஆஃப் செய்யச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயர்களில் இது இருக்கும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக் கொள்ளுங்கள்.

மறக்கக் கூடாதவை

பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் செட்டிங்ஸ் தனித்தனி. லேப்டாப்பில் கண்டுபிடித்த எண்களை டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் இணைப்புகளுக்கும் கொடுங்கள். டிவியில் உள்ள ஓடிடி ஆப்களிலும் ஒரு முறை சரிபாருங்கள். எச்டிஆர், டால்பி விஷன் படங்கள் ஓடும்போது டிவி வேறு செட்டிங்ஸுக்கு மாறிக் கொள்ளும். அப்போதும் சினிமா மோடைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேலை முடிந்ததும் எல்லா எண்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டில் யாராவது ரீசெட் செய்துவிட்டால் கை கொடுக்கும்.

எல்லாம் முடித்துத் திருமண டிவிடியை மறுபடி போட்டேன். முகங்கள் முகங்களாகத் தெரிந்தன. பின் வரிசையில் இருந்த மாமாவும் சித்தியும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அம்மாவின் அந்தப் புடவை இன்னமும் பீரோவில் இருக்கிறது. அப்பா அதை எடுத்து வந்து டிவிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நீலத்துக்குள் இருந்த பச்சை இப்போது திரையிலும் தெரிந்தது. ஆனாலும் இரண்டும் அச்சாக ஒன்றாக இல்லை. வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தால் படம் கொஞ்சம் மஞ்சளாகவே பதிவாகியிருந்தது. புடவைக்குப் பொருந்தும்படி டின்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். புடவை பொருந்தியது, ஆனால் அடுத்து வந்த சினிமாவில் எல்லோர் முகமும் பச்சையடித்தது. உடனே பழைய அளவுக்கே கொண்டு வந்துவிட்டேன். டிவியின் தவறைத்தான் நாம் சரி செய்ய முடியும். டிஸ்க்கில் பதிவான தவறுக்காக டிவியைக் கெடுக்கக் கூடாது.

இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அம்மா தாம்பூலம் கொடுக்கிற இடத்தை இன்னொரு தடவை போடுப்பா" என்றார்.